டிராவல்ஸ்ல வேலை பாக்க டிகிரி எதுக்கு? டூரிஸம் மேனேஜ்மென்ட் படிக்கலாமான்னு கேட்ட தண்டையார்பேட்டை தங்கச்சிக்கு

தண்டையார்பேட்டைல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. பிளஸ் டூ காமர்ஸ் ஹிஸ்டரி குரூப் முடிச்சாச்சு, ஒரு செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ்ல பிபிஏ டூரிஸம் மேனேஜ்மென்ட் சீட் கெடைக்குது, இன்னொரு பக்கம் எய்டட் காலேஜ்ல ஈவினிங் பி.காம் சீட்டும் கைல இருக்கு, அப்பாவுக்கு ஹார்பர் பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலை, மாமா ஒருத்தர் "டிராவல்ஸ்ல வேலை பாக்க டிகிரி எதுக்கு"ன்னு வீட்ல எல்லாரையும் கொழப்பி விட்டுட்டாரு, எது எடுக்கலாம்னு. கோர்ஸ் நல்லாருக்குமான்னு தான் எழுதியிருக்கீங்க, ஆனா அதுக்குள்ள இருக்குற கேள்வி மூணு வருஷமும் அப்பா காசும் போட்டு வெளிய வந்தா அந்த சர்டிஃபிகேட்ட நம்பி யாராவது வேலை குடுப்பாங்களாங்கிறது தான. அதுக்கே பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நான் மண்ணடில ஒரு சின்ன ஆபீஸ்ல டிக்கெட்டிங் கவுன்டர்ல ஆரம்பிச்சவன், அப்புறம் வெளிநாட்டு குரூப்ப நம்ம ஊருக்கு கூட்டிட்டு வர்ற இன்பவுண்ட் பக்கம் போயிட்டேன், பல வருஷமா ஆப்பரேஷன்ஸ் தான் பாக்குறேன், புதுசா சேர்ற பசங்கள இன்டர்வியூ எடுக்குறதும் என் தலைல தான். அப்பப்போ காலேஜ்ல கூப்ட்டா கிளாஸ் எடுக்குறேன். ஹோட்டல் உள்ள நான் வேலை பாத்ததில்ல, அதனால அந்தப் பக்கம் ரொம்ப போகமாட்டேன்.

மொதல்ல மாமா விஷயம். அவர் சொல்றதுல பாதி சரி. டிக்கெட் போட, கார் அனுப்ப, உம்ரா பேக்கேஜ் விக்க, காசி அயோத்தி டூர் நடத்த யாரும் டிகிரி கேக்கமாட்டாங்க. அங்கப்ப நாயக்கன் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் போய் பாருங்க, காலேஜ் வாசலே மிதிக்காத ஓனர்ங்க கொழும்பு, சிங்கப்பூர், ஜெட்டா ரேட்ட மனப்பாடமா வெச்சிருப்பாங்க, அவங்ககிட்ட தான் நானே தொழில் கத்துகிட்டேன். ஆனா அந்த ஆபீஸ்ல கவுன்டர்ல ஒக்காந்த ஆளு பத்து வருஷம் கழிச்சும் அதே கவுன்டர்ல தான் இருப்பாரு, இல்லன்னா சொந்தமா கடை போடணும், அதுக்கு மொதல் வேணும். ஏர்லைன் கம்பெனி, பெரிய டூர் கம்பெனி, கார்ப்பரேட் டிராவல் டெஸ்க், இங்கெல்லாம் பயோடேட்டாவ ஓரங்கட்டறதே டிகிரி இருக்கா இல்லையான்னு பாத்து தான். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுதணும்னாலும், பின்னாடி எம்பிஏ பண்ணனும்னாலும் ஏதோ ஒரு டிகிரி வேணும். ஆக டிகிரி வேணுமாங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல, வேணும். அது டூரிஸம் டிகிரியா தான் இருக்கணுமாங்கிறது தான் யோசிக்க வேண்டிய எடம்.

இதுல ஒண்ணு உறுதியா சொல்வேன். பி.காம் படிச்ச ஆளு டூரிஸத்துக்குள்ள வர்றது ஈஸி, டூரிஸம் படிச்ச ஆளு அக்கவுண்ட்ஸ் பக்கம் போறது கஷ்டம். பி.காமோ பிஏ ஹிஸ்டரியோ முடிச்சிட்டு ஒரு ஜிடிஎஸ் (ஏர்லைன் டிக்கெட் புக் பண்ற கம்ப்யூட்டர் சிஸ்டம்) டிரெய்னிங் எடுத்துட்டு டிக்கெட்டிங்ல சேர்ந்தவங்க என் ஆபீஸ்லயே இருக்காங்க. பாண்டிச்சேரி யுனிவர்சிட்டில டூரிஸம் எம்பிஏ இருக்கு, அதுக்கு எந்த டிகிரி முடிச்சவங்களும் அப்ளை பண்ணலாம். அதனால இப்ப டூரிஸம் எடுக்கலன்னா கதவு மூடிடும்னு பயப்படாதீங்க, மூணு வருஷம் கழிச்சும் அது தொறந்து தான் இருக்கும்.

அப்போ டூரிஸம் கோர்ஸ்ல அப்படி என்ன தான் சொல்லிக் குடுக்குறாங்கன்னா, சிலபஸ் காலேஜுக்கு காலேஜ் மாறினாலும் எலும்புக்கூடு ஒண்ணு தான். டூரிஸம் அடிப்படை, உலக ஜாகிரஃபி, இந்திய வரலாறு கலாச்சாரம், டிராவல் ஏஜென்சி நடத்துறது, ஏர் டிக்கெட்டிங், கொஞ்சம் அக்கவுண்ட்ஸ், மார்க்கெட்டிங், ஒரு வெளிநாட்டு மொழி பேருக்கு, கடைசில இன்டர்ன்ஷிப். இத வெறும் மனப்பாடம்னு தள்ளிடுறவங்க நெறைய பேரு, நான் அப்படி சொல்லமாட்டேன். 1980ல பட்லர்னு ஒருத்தர் ஒரு வளைகோடு போட்டாரு, ஒரு ஊர யாரோ சிலர் கண்டுபிடிச்சு வர்றாங்க, உள்ளூர்க்காரங்க ரூம் வாடகைக்கு விட ஆரம்பிக்குறாங்க, அப்புறம் பெரிய கம்பெனிங்க வருது, கூட்டம் ஏறி ஒரு எடத்துல முட்டி நின்னு, அதுக்கப்புறம் ஒண்ணு விழும் இல்லன்னா புதுசா எழும்பும்னு. எக்ஸாமுக்கு அத படம் வரைஞ்சு பத்து மார்க் வாங்கிட்டு மறந்துடுவாங்க. ஆனா ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7ல இருந்து இ-பாஸ் இல்லாம வண்டி ஏற முடியாதுன்னு ஹைகோர்ட் சொல்லிச்சே, 2025 ஏப்ரல்ல இருந்து நீலகிரிக்கு வாரநாள்ல 6,000 வண்டி, வாரக்கடைசில 8,000, கொடைக்கு 4,000, 6,000னு கணக்கும் வெச்சாங்களே, அது அந்தக் கோடு முட்டி நிக்கற எடம் தான். புக்ல கேரியிங் கெப்பாசிட்டி, அதாவது ஒரு ஊரு எவ்ளோ கூட்டத்த தாங்கும்னு படிக்கற விஷயம், மே மாசம் என் ஆபீஸ்ல "சார் எங்க குரூப்புக்கு பாஸ் கெடைக்குமா"ன்னு போனா வருது. இந்த ரெண்டையும் சேத்துப் பாக்க தெரிஞ்ச ஸ்டூடன்ட்ட நான் இன்டர்வியூல ரொம்ப கம்மியா தான் பாக்குறேன், பாத்தா விடமாட்டேன்.

இன்டர்வியூன்னு சொன்னதும் ஞாபகம் வருது, நான் என்ன கேப்பேன்னு சொல்லிடுறேன், அதுலயே உங்களுக்கு பாதி பதில் இருக்கு. மொதல் கேள்வி காஸ்டிங், அதாவது டூருக்கு ரேட் கணக்கு போடறது. ஒரு வார டூருக்கு கோச் (டூர் பஸ்) வாடகை ஒரு பேச்சுக்கு 1,40,000 ரூபா. 20 பேர் வர்றாங்கன்னா ஆளுக்கு 7,000. கிளையன்ட்டுக்கு அந்த ரேட்ட குடுத்தாச்சு. கடைசில 14 பேரு தான் வந்தாங்க, வாடகை அதே தான், இப்போ ஆளுக்கு 10,000 ஆகுது, நீங்க வாங்குனது 7,000. 42,000 ரூபா கம்பெனி கைல இருந்து போச்சு, லாபமே அவ்ளோ இருக்காது. அதனால தான் 10ல இருந்து 14 பேருக்கு ஒரு ரேட்டு, 15ல இருந்து 19க்கு ஒரு ரேட்டு, 20க்கு மேல ஒரு ரேட்டுன்னு ஸ்லாப் போட்டு குடுக்கணும், ஒவ்வொரு ஸ்லாப்லயும் கம்மியான எண்ணிக்கைய வெச்சு தான் வகுக்கணும். 15 பேர் காசு கட்டினா கூட வர்ற டூர் லீடருக்கு ஃப்ரீன்னு ஒத்துகிட்டா அந்த பதினாறாவது ஆளோட ரூமு சாப்பாடெல்லாம் 15 பேரு தலைல பிரிச்சு போடணும். இது எட்டாங்கிளாஸ் கணக்கு தான், ஆனா டிகிரி முடிச்சிட்டு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க 20ஆல வகுத்து குடுத்துட்டு சிரிக்குறாங்க, ஏன்னா கிளாஸ்ல யாரும் அவங்கள ஒரு கொட்டேஷன் கூட முழுசா போட வெச்சதில்ல.

ரெண்டாவது கேள்வி பேரு. நம்மாளுங்க பாஸ்போர்ட்ல கிருஷ்ணவேணின்னு ஒரே பேரு இருக்கும், சர்நேம் எடம் காலியா கெடக்கும், டிக்கெட் சிஸ்டம் ரெண்டு எடத்துலயும் பேரு கேக்கும். 2022 நவம்பர்ல யுஏஇ டூரிஸ்ட் விசிட் விசால ஒத்தப் பேரு பாஸ்போர்ட்ட ஏத்துக்கமாட்டோம்னு சொன்னப்போ நம்ம ஏரியால எத்தன குடும்பம் தவிச்சுதுன்னு எனக்கு தெரியும். அப்பா பேரு பாஸ்போர்ட்டோட இன்னொரு பக்கத்துல இருந்தா பரவால்லன்னு அப்புறம் தெளிவு படுத்துனாங்க. அந்த மாதிரி நேரத்துல கவுன்டர்ல ஒக்காந்திருக்குற ஆளு சரியா படிச்சுப் பாத்து சொல்லலன்னா, ஒரு அம்மா பேரப்புள்ளைய பாக்க பெட்டி கட்டிட்டு போய் ஏர்போர்ட்ல அழுதுட்டு நிப்பாங்க. ஆறு மாசம் வேலிடிட்டி இருக்கான்னு பாக்கறது, ட்ரான்ஸிட் விசா வேணுமான்னு பாக்கறது, இதெல்லாம் ஆப் போட்டு டிக்கெட் எடுக்கற காலத்துலயும் ஜனங்க ஆபீஸ் தேடி வர்றதுக்கு காரணம். சும்மா சென்னை டெல்லி டிக்கெட்டுக்கு யாரும் இப்ப ஏஜென்ட்கிட்ட வர்றதில்ல.

மூணாவது கேள்வி மொழி. இத நான் அடிச்சு சொல்வேன், மூணு வருஷத்துல நீங்க செய்யற செலவுல ரொம்ப உருப்படியானது வெளிநாட்டு மொழி கிளாஸ் தான். நம்ம ரூட்டு தெரியுமில்ல, சென்னை, மாமல்லபுரம், பாண்டி, தஞ்சாவூர், செட்டிநாடு, மதுர, தேக்கடி, கொச்சி. இந்த லைன்ல ஃபிரெஞ்சு குரூப்புங்க நெறைய. இங்கிலீஷ் பேசற கைடு எப்பவும் கெடைப்பாரு, ஃபிரெஞ்சோ ஜெர்மனோ பேசற கைடு சீசன்ல கெடைக்கறது குதிரக்கொம்பு, அவங்க கேக்கற காச குடுத்து தான் கூப்பிடறோம். காலேஜ்ல குடுக்கற ஒரு செமஸ்டர் ஃபிரெஞ்சு பத்தாது, அதுல பேரு சொல்லி வணக்கம் சொல்றதோட முடிஞ்சிடும். நுங்கம்பாக்கத்துல அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கு, ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவனும் அங்கயே. ஏ1, ஏ2, பி1, பி2ன்னு படிப்படியா போகணும், பி2 வந்தா தான் ஒரு கோயில் கதைய தைரியமா சொல்ல வரும், அதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும், அதனால தான் டிகிரியோட சேத்து ஆரம்பிக்க சொல்றேன். ஃபீஸ் லெவலுக்கு லெவல் கட்டலாம். கைடு ஆகணும்னா லைசென்ஸ் வேணும், மத்திய டூரிஸம் அமைச்சகம் 2020ல இருந்து இன்க்ரெடிபிள் இந்தியா டூரிஸ்ட் ஃபெசிலிடேட்டர்னு ஆன்லைன் கோர்ஸ் நடத்துது, அடிப்படை கோர்ஸுக்கு பிளஸ் டூ போதும், காலேஜ் முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

இப்ப கெட்ட பக்கம். ஆரம்ப சம்பளம் கம்மி, இத மறைச்சு பேசற காலேஜ் பிளேஸ்மென்ட் ஆபீசர நம்பாதீங்க. மொத ரெண்டு வருஷம் உங்க கூட படிச்ச புள்ள பிபிஓல வாங்கறத விட நீங்க கம்மியா தான் வாங்குவீங்க. இன்பவுண்ட்ல அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் மூச்சு விட நேரமிருக்காது, வெளிநாட்டுக்கு அனுப்பற பக்கம் ஏப்ரல் மே தான் உயிர் போகும், பொங்கல் தீபாவளின்னு வீட்ல எல்லாரும் இருக்கறப்போ நீங்க போன்ல இருப்பீங்க. ஏர்போர்ட் வேலைன்னா நைட் ஷிஃப்ட், நம்ம இன்டர்நேஷனல் ஃப்ளைட் முக்காவாசி நடுராத்திரி விடியக்காத்தால தான். உங்க ஏரியால மெட்ரோ ஏறினா நேரா ஏர்போர்ட்ல எறங்கலாம், 2021ல விம்கோ நகர் வரைக்கும் லைன் நீட்டினதுல வடசென்னை பசங்களுக்கு அது பெரிய உபகாரம், ஆனா ராத்திரி 11 மணிக்கு மேல மெட்ரோ கெடையாது, அதனால கம்பெனி கேப் வீட்டு வாசல் வரைக்கும் வருமா இல்ல மெயின் ரோட்லயே எறக்கி விடுவாங்களான்னு வேலைல சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க, அப்பா அம்மாவையும் அந்த விஷயத்துல மொதல்லயே உக்கார வெச்சு பேசிடுங்க.

இன்னும் பெரிய ரிஸ்க் ஒண்ணு இருக்கு. 2019ல இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிங்க கிட்டத்தட்ட 1 கோடியே 9 லட்சம், 2020ல அது 27 லட்சம். 2020 மார்ச் 23ல நிறுத்துன ரெகுலர் இன்டர்நேஷனல் ஃப்ளைட் திரும்ப முழுசா ஓட ஆரம்பிச்சது 2022 மார்ச் 27. ரெண்டு வருஷம். எனக்கு தெரிஞ்ச நல்ல நல்ல டூர் எக்ஸிக்யூட்டிவ்ஸ் ஃபுட் டெலிவரி ஓட்டுனாங்க, சிலர் திரும்பி வரவே இல்ல. தாங்குனவங்க யாருன்னு பாத்தா உள்ளூர் பக்தி டூர் பண்றவங்க, மெடிக்கல் பேஷன்ட்டுங்களுக்கு விசா ரூம் பாத்து குடுக்கறவங்க, அக்கவுண்ட்ஸ் தெரிஞ்சவங்க, மொழி தெரிஞ்சு வீட்லயே ட்ரான்ஸ்லேஷன் பண்ணவங்க. ஒரே ஒரு வேலை மட்டும் தெரிஞ்சவங்க தான் ரொம்ப அடி வாங்குனாங்க. இன்னொரு தடவ இப்படி வருமா, கம்ப்யூட்டரே இட்டினரரி போட்டு குடுக்கற காலத்துல டெஸ்க்ல ஒக்காந்து பிளான் போடற வேலை எத்தன மிஞ்சும், இதுக்கெல்லாம் யாரும் அடிச்சு சொல்ல முடியாது, என் கணிப்பு என்னன்னா டைப் அடிக்கற வேலை கொறையும், பஸ் பஞ்சராகி நடுரோட்ல நிக்கற 30 பேர சமாளிக்கற வேலை கொறையாது. இது கணிப்பு தான், இத நம்பி கடன் வாங்காதீங்க.

காலேஜ் பத்தி. நீங்க பேரு போடல, அது நல்லது தான், நானும் எந்த காலேஜையும் நல்லது கெட்டதுன்னு சொல்லப்போறதில்ல. ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி நேரா போய் கேளுங்க. டிகிரி சர்டிஃபிகேட்ல எந்த யுனிவர்சிட்டி பேரு அச்சடிச்சிருக்கும், அத எழுத்துல காட்ட சொல்லுங்க, யுஜிசி வெப்சைட்ல அந்த யுனிவர்சிட்டி இருக்கான்னு நீங்களே பாருங்க. சில எடத்துல டிப்ளமோவ டிகிரி மாதிரி பேசி சேத்துடறாங்க, உலக ஏர்லைன்ஸ் சங்கமான அயாட்டாவோட சர்டிஃபிகேட் நல்ல சர்டிஃபிகேட் தான், ஆனா அது டிகிரி கெடையாது. லேப்ல அமேடியஸ், கலிலியோ மாதிரி ஜிடிஎஸ் எதுவாவது ஸ்க்ரீன்ல ஓடுதா இல்ல போர்ட்ல எழுதி காட்டறாங்களான்னு பாருங்க. போன வருஷம் முடிச்ச ரெண்டு பேரு நம்பர் வாங்கி, இன்டர்ன்ஷிப்ல என்ன பண்ணீங்கன்னு கேளுங்க, பிரவுச்சர் அடுக்குனேன் டீ வாங்கி குடுத்தேன்னா அந்த காலேஜுக்கு கம்பெனிங்களோட தொடர்பே இல்லன்னு அர்த்தம்.

இதெல்லாம் விட ஒண்ணு சொல்றேன், ஐஐடிடிஎம்னு மத்திய டூரிஸம் அமைச்சகத்துக்கு கீழ ஒரு இன்ஸ்டிட்யூட் இருக்கு, 1983ல ஆரம்பிச்சது, தலைமை குவாலியர்ல. அதோட ஒரு கேம்பஸ் நெல்லூர்ல, பிபிஏவும் இருக்கு எம்பிஏவும் இருக்கு. நெல்லூர்னா ஏதோ தூரம்னு நெனைக்காதீங்க, உங்க கொருக்குப்பேட்டை வழியா போற கூடூர் லைன் ட்ரெயின் தான், மூணு மணி நேரம். ஹாஸ்டல்ல தங்க வீட்ல விடுவாங்கன்னா இந்த வருஷமே அந்த அட்மிஷன் நோட்டீஸ அவங்க வெப்சைட்ல பாத்துடுங்க. ஹோட்டல் பக்கம் ஆசை இருந்தா அது வேற படிப்பு, தரமணில ஐஹெச்எம்னு ஹோட்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கு, அதுக்கு என்சிஹெச்எம் ஜேஇஇன்னு நுழைவுத் தேர்வு எழுதணும். வீட்ட விட்டு போக முடியாது, வேலைக்கும் போகணும்னா தொலைதூரக் கல்வி குடுக்கற இக்னோ யுனிவர்சிட்டில டூரிஸம் படிக்கலாம், ஆனா அதுல யாரும் உங்கள தள்ளி விடமாட்டாங்க, நீங்களே தான் படிக்கணும்.

நீங்க இருக்கற எடம் பத்தி கண்டிப்பா சொல்லணும், ஏன்னா உங்க கேள்வில "நாங்க நார்த் மெட்ராஸ், எங்க ஏரியால டூரிஸம்லாம் ஒண்ணும் இல்ல"ன்னு ஒரு வரி இருந்துச்சு, அது என்னமோ பண்ணிடுச்சு. ராயபுரம் ஸ்டேஷன் 1856ல தொறந்தது, தென்னிந்தியாவோட மொத பாசஞ்சர் ரயில் அங்க இருந்து தான் கெளம்புச்சு, அந்த பில்டிங் இன்னும் நிக்குது, தெனம் அத தாண்டி போறவங்களுக்கு தெரியாது. தம்புச் செட்டித் தெருல காளிகாம்பாள் கோயில், சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டாருன்னு கோயில்ல சொல்வாங்க. அரண்மனைக்காரத் தெருல 1772ல கட்டுன ஆர்மீனியன் சர்ச். பர்மால இருந்து திரும்பி வந்த நம்மாளுங்களுக்காக 1969ல வந்த பர்மா பஜாரு, அது பக்கத்துல அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைங்க. விடியக்காத்தால காசிமேட்ல மீன் ஏலம். திருவொற்றியூர்ல கோயிலும் பட்டினத்தார் சமாதியும். வடக்க போனா பழவேற்காடு, டச்சுக்காரன் 1613ல கோட்டை கட்டுன ஊரு, சீசன்ல ஏரி பூரா பூநாரை. என் குரூப்ல வர்றவங்க மாமல்லபுரத்த ஃபோட்டோ எடுத்துட்டு போயிடுவாங்க, ஆனா ஜார்ஜ் டவுன்ல ரெண்டு மணி நேரம் நடக்க வெச்சா ராத்திரி சாப்பிடும்போதும் அதையே பேசிட்டிருப்பாங்க. அந்த வாக் நடத்த ஆளு எங்களுக்கு எப்பவும் பத்தல, பொண்ணுங்க நடத்துனா தனியா வர்ற லேடி டூரிஸ்ட்டுங்க இன்னும் தைரியமா வருவாங்க.

உங்க ஊரு தெரிஞ்ச ஒருத்தர் இந்த எடங்கள கோத்து ஒரு ரெண்டு மணி நேர ரூட்டா எழுதி வெச்சா அதுவே ஒரு புராஜெக்ட். எங்க வெயில் அடிக்கும், எங்க பாத்ரூம் இருக்கு, எந்தக் கடைல மோர் சுத்தமா கெடைக்கும், வெள்ளிக்கெழம மசூதித் தெருல எத்தன மணிக்கு கூட்டம், சர்ச் எப்ப பூட்டியிருக்கும், ஃபோட்டோ எடுத்தா காசிமேட்ல யாரு கோவப்படுவாங்க. டூரிஸம் புக்ல அஞ்சு ஏன்னு சொல்ற அட்ராக்‌ஷன், ஆக்சஸ், அகாமடேஷன், அமினிட்டீஸ், ஆக்டிவிட்டீஸ்ல முக்காவாசி இதுக்குள்ள வந்துடும். காலேஜ்ல இன்டர்னல் மார்க்குக்கு ஊட்டி பத்தி இன்டர்நெட்ல எடுத்து ஒட்டறவங்களுக்கு நடுவுல, இத ஒருத்தர் என் டேபிள்ல கொண்டாந்து வெச்சா நான் டிகிரி பேரு கூட பாக்கமாட்டேன்.

கடைசியா நீங்க நேரா கேட்டதுக்கு நேரா சொல்றேன். செல்ஃப் ஃபைனான்ஸ் ஃபீஸ் கட்ட அப்பா வட்டிக்கு வாங்கணும்னா வேணாம், ஈவினிங் பி.காம் எடுங்க, பகல் நேரம் மிச்சமாகுது இல்ல, அந்த நேரத்துல மொத வருஷம் ஃபிரெஞ்சு கிளாஸ், ரெண்டாவது வருஷம் மண்ணடிலயோ பாரிஸ் கார்னர்லயோ ஒரு டிராவல் ஆபீஸ்ல பார்ட் டைம், மூணாவது வருஷம் ஜிடிஎஸ்ஸும் கைடு கோர்ஸும். இதுல செலவும் கம்மி, கைல ரெண்டு தொழில். கடன் இல்லாம கட்ட முடியும், அந்த காலேஜ் நான் மேல சொன்ன கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காம பதில் சொல்லுது, உங்களுக்கும் ஜனங்களோட பேசிட்டு ஊரு சுத்திட்டு இருக்கறது உண்மையாவே புடிக்கும்னா பிபிஏவ தைரியமா எடுங்க, அப்பவும் மொழி கிளாஸ விட்டுடாதீங்க. நெல்லூர் கெடைச்சா நெல்லூர் தான் என் மொத சாய்ஸ். மாமாவையும் காலேஜுக்கு கூட்டிட்டு போங்க, கேள்வி கேக்க தெரிஞ்சவரு மாதிரி இருக்காரு. ஃபீஸ் ஸ்ட்ரக்சர் பேப்பர் கைக்கு வந்ததும் காலேஜ் பேர மறைச்சிட்டு இங்க போடுங்க, எதுக்கு எவ்ளோ வாங்கறாங்கன்னு உக்காந்து பாத்து சொல்றேன்.